அளவு நாடாவும் அரசர்முன் தாழாத கொடியும்



வீர விளையாட்டுக்களின் சரித்திரத்தைப் பற்றி ஆண்டுதோறும் ஒருவர் பேசவேண்டும் என்று இவ்வறக்கட்டளையை ஏற்படுத்திய பெரியவர் தம் சாசனத்தில் எழுதிவைத்தபோது, அவர் மனத்தில் மல்யுத்தமும் சிலம்பமும் இருந்திருக்கலாமே ஒழிய, நியூயார்க் நகரத்துப் போலீஸ்காரர் ஒருவர் இரண்டு கிலோ எடையுள்ள வட்டு ஒன்றை எவ்வளவு தூரம் எறிந்தார் என்னும் விஷயம் இருந்திராது. ஆயினும் பொருளைத் தேர்ந்துகொள்ளும் உரிமையைப் பேசுபவருக்கே விட்டிருக்கிறார். அந்தத் தாராளத்தை நான் சற்று அதிகமாகவே உபயோகித்துக்கொள்ளப் போகிறேன். மார்ட்டின் ஷெரிடன் என்னும் அம்மனிதரை நான் முதலில் அறிந்தது அவர் பெயரால் வழங்கும் ஒரு வாக்கியத்தால். அவ்வாக்கியத்தை அவர் சொன்னதற்கு அக்காலத்து ஆதாரம் ஒன்றும் இல்லை என்று பின்னர்த் தெரிந்துகொண்டேன். தெரிந்த பின்னும் அவரை விட்டுவிட மனம் வரவில்லை. சொல்லாத வாக்கியத்தை விலக்கிவிட்டுப் பார்த்தபோது, அதன் மறைவில் நின்றிருந்த ஆள் அதைவிடப் பெரியவராக இருந்தார்.

முதலில் அந்த வட்டைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நாம் வட்டு எறிதல் என்கிறோம். இலங்கைத் தமிழர் பரிதி வட்டம் என்பர். அவர்கள் சொல்தான் அழகானது என்பது என் அபிப்பிராயம். நான் படித்த பள்ளியில் இருந்தது மரத்தாலானது. சுற்றிலும் இரும்பு வளையம், நடுவில் இருபுறமும் பித்தளைத் தகடு, ஓரிடத்தில் மரம் வெடித்து வெயிற்காலத்தில் உள்ளங்கையைக் கிள்ளும். எங்கள் டிரில் மாஸ்டர், "பிடிக்காதேடா, தாங்கு!" என்று கத்துவார். அது என்ன பேதம் என்று எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. உள்ளங்கையை வட்டின்மேல் கவிழ்த்து, நான்கு விரல்களின் கடைசிக் கணு மட்டும் விளிம்பைத் தொட, பெருவிரலைச் சும்மா கிடக்கவிட்டு, கையை நீட்டி உடம்பைச் சுழற்றினால், சுழற்சியின் வேகமே வட்டை விரல்களில் ஒட்டவைத்துவிடும். இறுக்கிப் பிடித்தவனுக்கோ அது கோணலாகத்தான் போகும். நான் இறுக்கிப் பிடித்தவன். முதல்நாள் நான் எறிந்த வட்டு மைதானத்துக்குப் போகாமல் தலைமையாசிரியர் அறையின் கூரைக்குப் போயிற்று. இரண்டு ஓடுகளுக்குத் தண்டம் கட்டினேன். சரியாக விடுபட்ட வட்டு ஆள்காட்டி விரலின் ஓரத்திலிருந்து கடைசியாகக் கழன்று, தன் அச்சில் சுழன்றுகொண்டே காற்றின்மேல் சாய்ந்து போகும். பின்னாலிருந்து அடிக்கும் காற்றைவிட அளவான எதிர்க்காற்றே அதற்குத் துணை. இதைக் கண்ணால் கண்டவர்களுக்குப் பழைய கிரேக்கர்கள் ஏன் இதைத் தேவர்களின் விளையாட்டாகக் கதை கட்டினார்கள் என்று புரியும்.

அந்தக் கலை நடுவில் முற்றிலும் மறந்துபோயிற்று. 1896-இல் ஆதென்ஸ் நகரில் ஒலிம்பிக் போட்டிகளைப் புதுப்பித்தபோது, பிரின்ஸ்டன் கலாசாலை மாணவரான ராபர்ட் காரெட் என்பவர் பழைய நூல்களையும் சிலைகளையும் கொண்டு ஊகித்து ஒரு கொல்லரிடம் இரும்பு வட்டு ஒன்று செய்துவாங்கினார். அதன் பாரத்தைத் தாங்கமாட்டாமல், இது நமக்காகாது என்று கைவிட்டுவிட்டார். ஆதென்ஸ் போய் உண்மையான வட்டைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகுதான் அது எவ்வளவு லேசானது என்று தெரிந்தது. துணிந்து சேர்ந்து, 29.15 மீட்டர் எறிந்து, கிரேக்கர்களை அவர்கள் ஊரிலேயே வென்றார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் பாரிஸில், மரங்களுக்கு நடுவே ஒதுக்கிய குறுகலான வழியில், பலருடைய வட்டுக்கள் மரத்தில் மோதி விழுந்துகொண்டிருக்க, ஹங்கேரி தேசத்து ருடால்ஃப் பாவர் 36.04 மீட்டர் எறிந்தார். நம் கதாநாயகர் பிரவேசிக்கும்போது இக்கலையின் வயது அவ்வளவுதான். இன்னதுதான் முறை என்று போதிக்க ஆசிரியர் எவரும் இல்லாத காலம்.

ஷெரிடன் அயர்லாந்தின் மேற்கே மேயோ மாவட்டத்தில் பொஹோலா என்னும் கிராமத்தில் 1881 மார்ச் 28-ஆம் தேதி பிறந்தவர். மேயோ நமக்குக் காதில் விழாத பெயராக இருக்கலாம்; ஆனால் அம்மாவட்டம் உலகத்துக்குத் தந்த ஒரு சொல்லை நாம் நன்கு அறிவோம். அங்கே ஜமீன் நிர்வாகம் பார்த்த கேப்டன் பாய்காட் என்பவரைக் குடியானவர்கள் 1880-இல் ஒதுக்கிவைத்தார்கள். அறுவடைக்கு ஆள் இல்லை, கடையில் சாமான் இல்லை, தபால் கொண்டுவரவும் ஆள் இல்லை. நாம் பகிஷ்காரம் என்று சொல்லும் அந்த ஆயுதத்துக்கு இங்கிலீஷில் அவர் பெயரே நிலைத்துவிட்டது. அந்தக் கிளர்ச்சியின் சூடு ஆறுமுன் அதே மாவட்டத்தில் பிறந்த பிள்ளை, இங்கிலாந்து அரசரின் முன்னிலையில் ஒருநாள் வேறொரு தேசத்தின் சின்னத்தை மார்பில் தரித்து நிற்கப்போகிறான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் கட்டுக்கதைக்கு விதை இங்கேதான் கிடக்கிறது.

இருபது வயது நிரம்புமுன் அவர் கப்பலேறி நியூயார்க் போய்விட்டார். அண்ணன் ரிச்சர்ட் அங்கே முன்னமே வட்டெறிவதில் பேர்பெற்றிருந்தார். தம்பி அண்ணனைப் பார்த்துப் பழகி, சீக்கிரத்திலேயே அண்ணனைத் தாண்டினார். ஆறடி மூன்றங்குல உயரம். உயரத்துக்கு ஏற்ற எடையே ஒழிய உபரிச் சதை கிடையாது. அக்காலத்து அமெரிக்காவில் சம்மட்டியும் குண்டும் எறிந்த அயர்லாந்துக்காரர்கள் பலர் தேகத்தின் பருமனால் திமிங்கிலங்கள் என்றே பெயர் வாங்கியவர்கள். ஜான் ஃபிளானகன், மாட் மக்ராத், பாட் மக்டொனால்ட் ஆகியோர் அக்கூட்டத்தைச் சேர்ந்தவர்கள், மூவரும் போலீஸ் உடுப்புப் போட்டவர்கள். அவர்களுக்கு நடுவே ஷெரிடன் மெலிந்த ஆள்தான். அந்த மெலிவே அவருக்கு ஓடவும் தாண்டவும் உதவிற்று.

இவர்களெல்லாம் கூடிப் பழகிய இடம் குவீன்ஸ் பகுதியில் இருந்த செல்டிக் பார்க் என்னும் மைதானம். அதை வைத்திருந்தது ஐரிஷ் அமெரிக்கன் அத்லெடிக் கிளப். பணக்காரர்களின் சங்கங்கள் குலம் கோத்திரம் பார்த்து ஆள் சேர்த்த அந்நாளில், குடியேறிய தொழிலாளிகளால் நடந்த இச்சங்கம் யூதரான மையர் பிரின்ஸ்டைனையும் நீக்ரோ இனத்தவரான ஜான் டெய்லரையும் தன் சிறகுள்ள முஷ்டிச் சின்னத்தை அணிந்து ஓடவும் தாண்டவும் வைத்தது. நான் அதை ஒரு பெரிய காரியமாகவே மதிக்கிறேன்.

இனி 1904. செயிண்ட் லூயிஸ் நகரத்தில் நடந்த ஒலிம்பிக் போட்டிகள் பெயரளவில்தான் சர்வதேசப் போட்டிகள். ஐரோப்பாவிலிருந்து அவ்வளவு தூரம் பிரயாணம் செய்துவந்தவர் சிலரே. வட்டு எறிய வந்தவர்கள் ஆறு பேர். ஒருவர் கிரேக்கர், ஜார்ஜண்டாஸ். மற்ற ஐவரும் அமெரிக்கர் என்று ஏடு சொல்கிறது, ஆனால் அந்த ஐவரில் ஷெரிடன், ஃபிளானகன், மிட்செல் ஆகிய மூவரும் அயர்லாந்து மண்ணில் பிறந்தவர்கள். அசல் அமெரிக்கர் என்று சொல்லத் தக்கவர்களில் முதல்வர் கலிஃபோர்னியாவில் பிறந்த ரால்ஃப் ரோஸ்; வயது பத்தொன்பது, ஆறரை அடி உயரம், குண்டு எறிவதில் அப்போட்டிகளிலேயே உலக சாதனை செய்தவர். அப்பிள்ளைக்கும் இருபத்துமூன்று வயது ஷெரிடனுக்கும் இடையேதான் போட்டி.

ரோஸ் எறிந்த மிகப்பெரிய தூரம் 39.28 மீட்டர். ஷெரிடன் எறிந்ததும் அதே 39.28 மீட்டர். அவர்கள் கணக்கில் நூற்றிருபத்தெட்டு அடி பத்தரை அங்குலம். சற்று நின்று இதை யோசித்துப் பாருங்கள். இரண்டு பேர், உயரத்திலும் எடையிலும் எறியும் பாணியிலும் ஒருவருக்கொருவர் சம்பந்தம் இல்லாதவர்கள், ஒரு வட்டத்துக்குள் சுழன்று, காற்றில் மிதக்கும் ஒரு பொருளை ஏறக்குறைய நாற்பது மீட்டருக்கு அப்பால் விட, புல்லில் குச்சி நட்டு நாடா பிடித்த நடுவர்கள் அரை அங்குலமும் வித்தியாசம் காணாமல் எழுந்து நிற்கிறார்கள். இக்காலமாயிருந்தால் இரண்டாவது சிறந்த எறிவு எவருடையது என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்லியிருப்பார்கள். அன்று அவ்வழக்கம் இல்லை. இருவரும் மறுபடி மும்மூன்று தடவை எறியட்டும் என்றார்கள். களைத்த பிறகு எறிவதில் இளமையும் பருமனும் செல்லாது என்பதை மைதானத்தில் பழகியவர்கள் அறிவார்கள். கால்கள் சலித்தபின் சுழற்சி கலையாமல் இருக்கவேண்டும், அது பழக்கத்தால் வருவது. ஷெரிடன் 38.97 மீட்டர் எறிந்தார். தம் முந்தைய எறிவுக்கு ஒரு முழம்கூடக் குறையவில்லை. ரோஸால் 36.74-க்குமேல் போக முடியவில்லை. ஒலிம்பிக் எறிபோட்டிகளின் சரித்திரத்தில் தங்கப்பதக்கத்தைச் சமநிலைக்குப்பின் மறுபடி எறியவைத்துக் கொடுத்தது அந்த ஒரு தடவைதான்.

1906-இல் ஆதென்ஸில் இடைக்காலப் போட்டி ஒன்று நடந்தது. அமெரிக்கக் குழுவை ஏற்றிச்சென்ற பார்பரோஸா என்னும் கப்பலில் பேரலை ஒன்று மேல்தளத்தை மோதி, சிலருக்குக் காயம். மிட்செலுக்குத் தோள் கழன்றுவிட்டது. ஷெரிடன் ஊனமின்றி இறங்கினார். வட்டு எறிவதில் 41.46 மீட்டர், குண்டு எறிவதில் 12.325 மீட்டர் என்று இரண்டு தங்கம். நின்ற இடத்திலிருந்து உயரம் தாண்டுதல், நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுதல், கல் எறிதல் என்னும் மூன்றில் வெள்ளி. கல் எறிவதில் அவரை வென்றவர் செயிண்ட் லூயிஸில் அவருக்குப் பின் நின்ற ஜார்ஜண்டாஸ். சொந்த ஊரில் கணக்கைத் தீர்த்துக்கொண்டார். இந்த 1906-ஆம் ஆண்டுப் போட்டிகளை ஒலிம்பிக் கமிட்டி இன்று தன் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்த்தால் ஷெரிடனுக்கு ஒன்பது பதக்கங்கள், சேர்க்காவிட்டால் நான்கு. கமிட்டியார் கூட்டத்தில் கை தூக்கி எடுத்த முடிவினால் ஆதென்ஸின் மண்ணில் விழுந்த வட்டு விழாமல் போய்விடாது என்று நினைப்பவர்களோடுதான் என் கட்சி.

அதே ஆதென்ஸில் இன்னொரு சம்பவம். அயர்லாந்துக்கென்று தனிக் குழு அனுமதிக்கப்படாததால் பிரிட்டனின் பெயரில் சேர்க்கப்பட்ட பீட்டர் ஓகானர் என்னும் தாண்டுவீரர், தமக்காக யூனியன் ஜாக் ஏறுவதைப் பொறாமல், கொடிக்கம்பத்தில் தாமே ஏறி அயர்லாந்தின் பச்சைக் கொடியை வீசினார். கீழே அவருடைய நண்பர் கான் லீஹி, எவரும் அருகே வராமல் காவல் நின்றார். கொடி என்பது அந்த ஜனங்களுக்கு அலங்காரத் துணி அல்ல.

லண்டனுக்கு வருவோம், 1908. இதற்குள் ஷெரிடன் நியூயார்க் போலீஸில் உத்தியோகம் ஏற்று இரண்டாண்டு ஆகியிருந்தது. ஜூலை 13-ஆம் தேதி ஷெப்பர்ட்ஸ் புஷ் மைதானத்தில் ஏழாம் எட்வர்ட் அரசர் முன்னிலையில் அணிவகுப்பு. மைதானத்தைச் சுற்றிப் பல தேசங்களின் கொடிகளைப் பறக்கவிட்டவர்கள் அமெரிக்கக் கொடியை விட்டுவிட்டார்கள். ஸ்வீடன் கொடியும் இல்லை. மறதியோ, வேறு எதுவோ, அமெரிக்கர்களுக்கு மனஸ்தாபம். அவர்கள் கொடியைச் சுமந்தவர் நாம் முன்பு கண்ட ரால்ஃப் ரோஸ். அரசர் மண்டபத்தைக் கடக்கையில் மற்றத் தேசத்தார் மரியாதையாகக் கொடியைத் தாழ்த்தினார்கள். ரோஸ் தாழ்த்தவில்லை என்பது பிரசித்தி. ஏன் என்று கேட்டவர்களுக்கு ஷெரிடன், இந்தக் கொடி பூமியில் எந்த அரசனுக்கும் தாழாது என்ற பொருள்படப் பதில் கொடுத்தார் என்பதுதான் நான் தொடக்கத்தில் குறிப்பிட்ட வாக்கியம். பள்ளிப் புத்தகங்களிலும் பத்திரிகைகளிலும் அது எத்தனையோ தடவை அச்சாகிவிட்டது. ஒலிம்பிக் சரித்திர ஆராய்ச்சியாளர்கள் 1908-ஆம் ஆண்டுப் பத்திரிகைகளைச் சிரத்தையோடு புரட்டிப் பார்த்தார்கள். அவ்வாக்கியம் அவற்றில் இல்லை. ஷெரிடன் மாண்டு பல பத்தாண்டுகள் சென்றபின்தான் அது அச்சில் தலைகாட்டுகிறது. கொடியை எவர்முன்னும் தாழ்த்தலாகாது என்று அமெரிக்கச் சட்டம் சொன்னதும் 1942-இல்தான்.

ஆயினும் கொடியைப் பிடித்தவர் ரோஸாக இருக்க, வார்த்தை மட்டும் ஷெரிடன் வாயில் போய் உட்கார்ந்தது ஏன்? மேயோ மாவட்டத்துப் பிள்ளை, பகிஷ்காரம் பிறந்த மண், ஆதென்ஸின் கொடிக்கம்பம், எட்வர்ட் அரசர்: இத்தனையும் கூடியிருக்க, ஜனங்கள் அவ்வாக்கியத்தைக் கலிஃபோர்னியாக்காரருக்கா கொடுப்பார்கள்? செயிண்ட் லூயிஸில் நாடாவால் அளந்து ரோஸை வென்ற ஷெரிடன், லண்டனில் வாய் திறவாமலே மறுபடி ஒருமுறை அவரை வென்றார். பாவம், ரோஸ். அவர் இருபத்தெட்டாம் வயதில், 1913-இல், விஷஜுரத்தால் இறந்துபோனார். தம் பங்கைக் கேட்க இருக்கவில்லை.

இந்தக் கொடிக்கதையின் இரைச்சலில் ஷெரிடன் லண்டனில் உண்மையாகச் செய்தது மறைந்துபோகிறது. வட்டு எறிவதில் 40.89 மீட்டர், இரண்டாமவர் மெரிட் கிஃபின் 40.70. வித்தியாசம் ஒரு சாணுக்கும் குறைவு. கிரேக்க பாணி என்று தனியாக ஒரு போட்டியும் வைத்தார்கள். முழுச் சுழற்சி கூடாது, பழைய சிலையில் உள்ளவாறு நின்று குனிந்து எறியவேண்டும். அதிலும் ஷெரிடனே, 38 மீட்டர். இதில் ஒரு வேடிக்கை. மைரன் என்னும் சிற்பி வார்த்த வட்டெறிவோனின் மூலச்சிலை அழிந்துபோய், ரோமானியர் செய்த பிரதிகளே மிஞ்சியுள்ளன. அவற்றுள் ஒன்று லண்டனிலேயே பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. பின்பக்கம் திரும்பி வட்டை நோக்கவேண்டிய தலையை, பழுதுபார்த்தவர்கள் வேறு திசை பார்க்குமாறு ஒட்டிவிட்டார்கள். ஆக, சிலையைப் பார்த்து விதி வகுத்தவர்களின் நகரத்திலேயே கழுத்துத் திரும்பிய சிலை; அந்த விதிக்குள் நின்று எறிந்தவரோ சிலையைப் பற்றி நினைக்க நேரமில்லாத ஒரு போலீஸ்காரர். நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுவதில் ஒரு வெண்கலமும் பெற்று, அயர்லாந்து சென்று சொந்த ஜனங்களுக்கு முன்னும் எறிந்து காட்டினார்.

ஆனால் அவருடைய தேக சாமர்த்தியத்தை வட்டு மாத்திரம் காட்டாது. அமெரிக்காவில் ஆல்ரவுண்ட் என்ற பெயரால் ஒரு சாம்பியன் போட்டி இருந்தது. ஒரே நாளில் பத்து: நூறு கஜ ஓட்டம், குண்டு, உயரம் தாண்டுதல், எண்ணூற்றெண்பது கஜ நடை, சம்மட்டி, கோலூன்றித் தாண்டுதல், தடை ஓட்டம், ஐம்பத்தாறு பவுண்டு எடை எறிதல், நீளம் தாண்டுதல், எல்லாம் முடிந்தபின் ஒரு மைல் ஓட்டம். கவனியுங்கள், இப்பத்தில் வட்டு இல்லை. அவருடைய கைக்கருவியே இல்லாத போட்டி. அதில் அவர் 1905, 1907, 1909 ஆகிய மூன்று ஆண்டுகளில் வென்றார். 1909-இல் அவர் சேர்த்த 7,385 புள்ளிகள், இனி எவரும் தொடமாட்டார்கள் என்று சொல்லத் தக்கதாயிருந்தது.

1911-க்குப்பின் அவர் பெரிய போட்டிகளிலிருந்து விலகினார். போலீஸ் உத்தியோகம் தொடர்ந்தது. மாகாண கவர்னர் நியூயார்க் நகரத்துக்கு வரும்போது மெய்க்காவலராக நிற்கும் பொறுப்பும் அவரிடம் இருந்தது. 1918 மார்ச் 27-ஆம் தேதி, முப்பத்தேழாவது பிறந்தநாளுக்கு முந்தின நாள், நியூயார்க்கில் நிமோனியா ஜுரத்தால் இறந்தார். அவ்வாண்டு உலகத்தை வாரிக்கொண்டுபோன விஷக்காய்ச்சலின் ஆரம்ப மாதங்கள் அவை. குவீன்ஸில் கால்வரி மயானத்தில் அவர் அடக்கமானார். பொஹோலாவிலிருந்து நியூயார்க் வந்து போலீஸில் சேர்ந்த இன்னொருவர், வில்லியம் ஓட்வயர், பின்னாளில் அம்மாநகரத்தின் மேயராகவே ஆனார். செல்டிக் பார்க் மைதானம் விற்கப்பட்டு, இப்போது அங்கே அடுக்கு வீடுகள்.

மரணத்தைச் சொன்னபின் பேச்சை நிறுத்துவதுதான் முறை. ஆனால் அதற்கு ஐந்தாறு வருஷம் முந்திய ஒரு நாளைச் சொல்லாமல் இறங்க எனக்குச் சம்மதமில்லை. 1912 செப்டம்பர், ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஐந்துவகைப் போட்டியையும் பத்துவகைப் போட்டியையும் வென்று திரும்பிய செவ்விந்திய இளைஞர் ஜிம் தார்ப், ஆல்ரவுண்ட் போட்டிக்குச் செல்டிக் பார்க் வந்தார். ஷெரிடன் பார்க்க வந்திருந்தார், தம் சொந்த மைதானத்தில், தம் சொந்தச் சாதனை அழிவதை. தார்ப் எடுத்தது 7,476 புள்ளிகள், தொண்ணூற்றொன்று அதிகம். போட்டி முடிந்ததும் ஷெரிடன் அவரிடம் சென்று கைகுலுக்கி வாழ்த்தினார். சூழ்ந்துகொண்ட நிருபர்களிடம், இவனைப்போல் ஒரு வீரன் இதுவரை இருந்ததில்லை, நான் நன்றாக இருந்த நாளிலும் எல்லா விதத்திலும் இவன் என்னை வென்றிருப்பான் என்ற கருத்தில் பேசினார். இதை அவர் உண்மையாகவே சொன்னார். அக்காலத்துப் பத்திரிகைகளில் இருக்கிறது.